குக்கீ மீதான குற்றச்சாட்டு எவ்வளவு தேறும்?

விமானக் கட்டணம் பற்றிய நம்பிக்கைகளில் மிகப் பரவலானது இது: ஒரே பயணத்தை இரண்டாம் முறை தேடினால் விலை ஏறும், முதல் தேடலை உலாவியில் பதிந்திருக்கும் குக்கீ காட்டிக்கொடுத்துவிடும், குக்கீயை அழித்தாலோ இன்காக்னிட்டோவில் தேடினாலோ பழைய விலை திரும்பும். கேட்பதற்கு ஒரே கூற்றாகத் தோன்றினாலும் இதில் மூன்று பின்னிக் கிடக்கின்றன. விலை ஏறியது என்பது நிகழ்வு. குக்கீதான் ஏற்றியது என்பது காரணம். அழித்தால் இறங்கும் என்பது பரிகாரம். நிகழ்வுக்குச் சாட்சி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்களை நம்பாமலிருக்க முகாந்திரம் இல்லை. ஆனால் நிகழ்வு உண்மையாக இருப்பது காரணத்துக்குப் பிணை நிற்காது. இந்த வேறுபாட்டைக் கடைசிவரை காத்த ஆய்வுகள் எவை, நழுவவிட்டவை எவை என்று பார்த்தால் தீர்ப்புக்கு வழி பிறக்கும். சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றின் தரம்தான் ஒன்றுக்கொன்று வெகுவாக மாறுபடுகிறது.

நம்பிக்கைக்கு ஒரு வரலாற்று நியாயம் உண்டு. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுல்லி குக்கீயை உருவாக்கினார். ஆறே ஆண்டுகளில், 2000 செப்டம்பரில், அமேசானில் ஒரு டிவிடியின் விலை 26.24 டாலர் என்று கண்ட வாடிக்கையாளர் ஒருவர், தன் கணினியில் அமேசான் பதித்திருந்த அடையாளங்களை அழித்துவிட்டுப் பார்த்தபோது அது 22.74 டாலராக இறங்கியிருந்தது. செய்தி பரவியது. ஆளைப் பார்த்து விலை வைக்கவில்லை, வெவ்வேறு தள்ளுபடிகளைக் குலுக்கல் முறையில் சோதித்துப் பார்த்தோம் என்று அமேசான் விளக்கியது. 6,896 பேருக்குச் சராசரியாக 3.10 டாலர் திருப்பியும் கொடுத்தது. குக்கீ நம்பிக்கையின் மூல ஆவணம் என்று இந்த நிகழ்ச்சியைக் கொள்ளலாம். குக்கீக்கு இதில் பங்கு இருந்தது. யார் எந்தச் சோதனைக் குழுவில் சேர்ந்தவர் என்பதை அதுதான் நினைவில் வைத்திருந்ததாகக் கொள்ள வேண்டும். ஆனால் வாங்குபவரின் ஆவலை அளந்து விலையை ஏற்றினார்கள் என்பதற்கு ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை. குழு பிரிப்பது வேறு, ஆளை அளப்பது வேறு. பொதுப்பேச்சு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. பிற்பாடு, தேடிய ஊரின் விமான விளம்பரம் போகும் பக்கமெல்லாம் பின்தொடர ஆரம்பித்ததும் சந்தேகம் கெட்டிப்பட்டது. விளம்பரம் பின்தொடர்வது குக்கீயால்தான். விலையையும் அதுவே தொட்டிருக்கும் என்று எண்ணுவது இயல்பு. இயல்பாக எழும் எண்ணம் சோதிக்கத் தக்கது; அதற்கு மேல் அதற்கு மதிப்பு கிடையாது.

டிவிடிக்கு விலை வைப்பதுபோல விமான இருக்கைக்கு வைப்பதில்லை. அந்த விலையை ஆக்கும் முறை குக்கீக்கு இருபது ஆண்டு மூத்தது. குறைந்த கட்டணத்தில் இன்னோர் இருக்கையை இப்போதே விற்றுவிடுவதா, கூடுதலாகத் தரக்கூடியவருக்கென நிறுத்திவைப்பதா என்ற கேள்விக்கு 1972-இல் பிஓஏசி நிறுவனத்தின் கென் லிட்டில்வுட் ஒரு விதியை வகுத்தார். 1985-இல் ராபர்ட் கிராண்டல் தலைமையிலிருந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அந்தச் சிந்தனையைப் பெருமளவில் செயல்படுத்தி, மலிவுக் கட்டணத்துக்குப் பெயர்போன பீப்பிள் எக்ஸ்பிரஸை நிலைகுலைய வைத்தது. 1987-இல் எம்.ஐ.டி.யில் பீட்டர் பெலொபாபா அதைப் பல கட்டண வகுப்புகளுக்கு விரித்தார். இந்த மரபில் விலை என்பது முன்கூட்டியே பதிவான ஒரு படிவரிசை. ஒரே எகானமி இருக்கைக்கு ஒய், பி, எம், கியூ என்று எழுத்துகளால் குறிக்கப்படும் பல வகுப்புகள் உண்டு. ஒவ்வொரு வகுப்பின் கட்டணத்தையும் நிபந்தனைகளையும் பெரும்பாலான நிறுவனங்கள் ஏட்பிகோ என்ற பொது அமைப்பின் வழியே வெளியிடுகின்றன. அந்த வகுப்பில் இந்த நேரத்தில் எத்தனை இருக்கை விற்கலாம் என்பதை வருவாய் மேலாண்மை மென்பொருள் தனியே முடிவு செய்கிறது. திரையில் நாம் காண்பது, விற்பனைக்குத் திறந்திருக்கும் படிகளில் மிகத் தாழ்ந்த படியை.

இதை மனத்தில் வைத்தால், குக்கீயின் துணையில்லாமலே நிகழ்வு விளங்கிவிடுகிறது. மலிவு வகுப்பில் இரண்டு இருக்கை மீதமிருக்கையில் மூன்று பேருக்குத் தேடினால், பல அமைப்புகள் மூவருக்கும் அடுத்த வகுப்பின் விலையையே காட்டும். சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே பறக்கும் ஏடிஆர் விமானத்தில் எண்பதுக்கும் குறைவான இருக்கைகளே. பொங்கல் வாரத்தில் ஒரு குடும்பம் நான்கு டிக்கெட் எடுத்தால் ஒரு படியே காலியாகிவிடக் கூடும். பல கட்டணங்களில் 21, 14, 7 நாளுக்கு முன்பே வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதால், அந்த எல்லையைத் தாண்டிய இரவில் யாரும் எதையும் வாங்காமலே விலை ஏறும். ஒப்பீட்டுத் தளங்கள் ஒவ்வொரு தேடலுக்கும் விமான நிறுவனத்தைக் கேட்பதில்லை. தேடுபவர்களில் மிகச் சிலரே வாங்குவதால் அது கட்டுப்படியாகாது. சற்று முன்பு வேறொருவருக்குக் கிடைத்த விடையைச் சேமித்து வைத்து நமக்குக் காட்டுகின்றன. வாங்கப் போகும்போதுதான் உண்மை விலை வருகிறது. அதைப் பார்ப்பவர் ‘ஏற்றிவிட்டார்கள்’ என்கிறார். இன்னொரு காரணமும் உண்டு, நம்பிக்கையாளர்களுக்கு ஓரளவு ஆதரவானது. பல முன்பதிவு அமைப்புகளில், பெயரெல்லாம் நிரப்பிப் பணம் கட்டும் கட்டம் வரை சென்றால் அந்த இருக்கை சிறிது நேரம் நமக்கென ஒதுங்கும். பாதியில் விட்டுவிட்டு உடனே மீண்டும் தேடினால், மலிவு வகுப்பின் கடைசி இருக்கையை நாமே பிடித்து வைத்திருப்போம். விலை ஏறியதற்கு நம் முந்தைய தேடல் காரணம் என்பது இங்கே மெய்தான். ஆனால் ஒதுக்கீடு நிகழ்ந்தது நிறுவனத்தின் இருக்கைக் கணக்கில். குக்கீயை அழித்தாலும் அது உடனே விடுபடாது. ஒதுக்கிய நேரம் தீர வேண்டும்.

இத்தனை மாற்று விளக்கங்கள் இருப்பதாலேயே குக்கீ குற்றமற்றது என்று ஆகிவிடாது. விளக்க முடியும் என்பதும் மெய்ப்பித்துவிட்டோம் என்பதும் ஒன்றல்ல. சோதனைதான் வேண்டும்; சோதனைக்கு அடிப்படைத் தேவை ஒரே நேரத்தில் கேட்கும் இணைத் தேடல். காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை என்று ஒப்பிட்டவர்கள் எத்தனை ஆயிரம் முறை ஒப்பிட்டிருந்தாலும் காலத்தைத்தான் அளந்தார்கள்.

இந்தத் தேவையை உணர்ந்து செய்யப்பட்ட ஆய்வுகளில் முன்நிற்பது, பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் விசர்ஸ் குழுவினர் 2014-இல் வெளியிட்டது. ‘ஓநாய் வருகிறது’ என்று பொய்யாகக் கூவிய சிறுவனைத் தலைப்பிலேயே நினைவூட்டும் கட்டுரை அது. 25 விமான நிறுவனங்கள், 66 பயனர் மாதிரிகள், மூன்று வாரம். குக்கீயை ஏற்பவர், மறுப்பவர், வெவ்வேறு உலாவி வைத்திருப்பவர் எனப் போலிப் பயனர்களை உருவாக்கி, ஆள் பார்த்து விலை வைக்க நிறுவனங்களுக்கு வேண்டிய மட்டும் வாய்ப்புக் கொடுத்தார்கள். முறையான பாகுபாடு எதையும் அவர்களால் காண முடியவில்லை. கண்டுபிடிக்கும் எதிர்பார்ப்போடு இறங்கியவர்கள், எதிர்பார்ப்பு பொய்த்ததை மறைக்காமல் வெளியிட்டிருக்கிறார்கள். எதிர்மறை முடிவுக்கு இதழ்களில் இடம் கிடைப்பது அரிது. இந்த நேர்மைக்காகவே கட்டுரை மதிக்கத் தக்கது. சில நிறுவனங்களின் விலை மிக வேகமாக அசைவதால் காரண காரியத்தைப் பிரிப்பது கடினம் என்று அவர்களே ஒப்புக்கொள்வது இன்னும் மதிக்கத் தக்கது.

குறைகள் உண்டு, சிறியவை அல்ல. அந்த 66 பேரும் மென்பொருள் ஆக்கிய உருவங்கள். ஆண்டுக்கு நாற்பது முறை பறக்கும் வணிகப் பயணியின் வாங்கல் வரலாறோ உறுப்பினர் கணக்கோ அவர்களுக்குக் கிடையாது. மூன்று வாரம் என்பது ஒரு பருவத்தைக்கூடத் தாண்டாது. ஆகவே ‘பாகுபாடு கிடையாது’ என்று இக்கட்டுரையை மேற்கோள் காட்டுபவர்கள் அது சொன்னதைவிட அதிகமாகச் சொல்லவைக்கிறார்கள். அது சொன்னது: அடையாளம் தெரியாத பயனரின் உலாவித் தடயம், 2014-இல், இந்த 25 நிறுவனங்களில், விலையை முறையாக மாற்றவில்லை. எனினும் குக்கீ நம்பிக்கை சுட்டுவதும் அதே அடையாளம் தெரியாத பயனரைத்தான். அந்த அளவில் அடி நேராக விழுகிறது.

இதோடு 2016-இல் அமெரிக்க நுகர்வோர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் நடத்திய சோதனையை ஒப்பிட வேண்டும். 372 தேடல்களில், ஒரே தளத்தில் ஒரே நேரத்தில் எடுத்த 42 இணைகளில் விலை வேறுபட்டது. அவற்றில் 25 இணைகளில், குக்கீ அழித்த உலாவியில்தான் விலை கூடுதல், 17-இல் குறைவு. ஒரே நேரத்தில் கேட்டது இதன் சிறப்பு. முடிவுக்கு வந்த விதம் இதன் பலவீனம். குக்கீ விலையை ஏற்றுகிறது என்ற கூற்று மெய்யானால் அழித்த உலாவியில் குறைவாக இருக்க வேண்டும். இங்கே சாய்வு எதிர்ப்பக்கம். அந்தச் சாய்வையும் பெரிதாக எடுத்துக்கொள்ள இடமில்லை. ஒரு நாணயத்தை 42 முறை சுண்டினால் 25 தடவையோ அதற்கு மேலோ தலை விழுவது ஏறத்தாழ ஏழில் ஒரு வாய்ப்பு. இந்த எண்கள் இரைச்சலைக் காட்டுகின்றன, திசையைக் காட்டவில்லை. சேமித்து வைத்த பழைய விலையும் புதிதாகக் கேட்டு வாங்கிய விலையும் கலந்தால் இப்படித்தான் இருக்கும். ஆனால் வாசகர்களிடையே இச்சோதனை ‘விலை வேறுபடுகிறது, ஆகவே சந்தேகம் சரி’ என்றே தங்கியது.

முறையியலில் இவ்விரண்டையும் விஞ்சி நிற்பது நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் அனிகோ ஹன்னாக் குழுவினரின் 2014 ஆய்வு. இரைச்சலை அளக்காமல் வேறுபாட்டை அளக்க முடியாது என்பதைக் கோட்பாட்டளவில் சொன்னதோடு நில்லாமல் சோதனையின் கட்டமைப்பிலேயே வைத்தார்கள்: எல்லா வகையிலும் ஒத்த இரண்டு இணைகளை ஒரே நேரத்தில் தேடவைத்து, அவற்றுக்குள் வரும் வேறுபாட்டைக் கழித்த பிறகே மற்ற வேறுபாடுகளைக் கணக்கில் கொண்டார்கள். 16 தளங்களில் ஒன்பதில் ஏதோ ஒரு வகைத் தனிப்பயன் நடத்தையைக் கண்டார்கள். நம் பொருளுக்கு முக்கியமானது எக்ஸ்பீடியாவிலும் ஹோட்டல்ஸ்.காமிலும் கண்டது. அங்கே பயனர்கள் குக்கீயின் வழியே சோதனைக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். ஒரு குழுவினருக்கு விலை கூடிய ஓட்டல்கள் பட்டியலின் மேலே வந்தன. குக்கீயை அழித்தால் குலுக்கல் முறையில் வேறு குழுவில் விழ நேரும். குக்கீ பணத்தைத் தொடுகிறது என்பதற்கு இதுவரை கிடைத்த தெளிவான சான்று இது. கவனிக்க வேண்டியது, எந்த அறையின் விலையும் இதனால் மாறவில்லை. எது முதலில் கண்ணில் பட வேண்டும் என்பது மாறியது. ஆய்வின் பெரிய விடுபாடு, பயணத் துறையில் அது ஓட்டல், வாடகைக் கார்த் தளங்களை மட்டுமே பார்த்தது. விமானக் கட்டணத்தைப் பார்க்கவில்லை. அதன் முடிவை விமானத்துக்கு அப்படியே நகர்த்துபவர்கள் எல்லை மீறுகிறார்கள். அதன் அளவுகோலை நகர்த்துவதில் தடையில்லை.

ஐரோப்பிய ஆணையம் 2018-இல் வெளியிட்ட ஆய்வு விமான டிக்கெட்டையும் உள்ளடக்கியது. எட்டு நாடுகளில் 160 தளங்கள். அவற்றில் 61 விழுக்காட்டுத் தளங்கள் பட்டியல் வரிசையை ஆளுக்கேற்ப மாற்றின. ஒரே பொருளுக்கு விலை வேறுபட்டது 6 விழுக்காட்டு நேர்வுகளில் மட்டும். வேறுபாட்டின் இடைநிலை அளவு 1.6 விழுக்காட்டுக்கும் குறைவு. பரப்பில் பெரிய இந்த ஆய்வு ஆழத்தில் ஹன்னாக் ஆய்வுக்கு ஈடாகாது. ஆனால் இரண்டும் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன: வரிசையில் கைவைப்பது பரவலாக நடக்கிறது, விலையில் கைவைப்பது அரிது. நான்கு ஆய்வுகளும் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு நோக்கத்தோடு நடந்தவை. அவற்றில் ஒன்றுகூட நம்பிக்கை சொல்லும் வடிவத்தில் விலையேற்றத்தைக் காணவில்லை.

இவை யாவும் கடைக்கு வெளியே நின்று பார்த்தவை. உள்ளிருந்து பார்த்த ஒன்றும் உண்டு. அலி ஹோர்டாச்சு, ஒலிவியா நேட்டன் உள்ளிட்ட பொருளியலாளர்கள், பெயர் வெளியிடாத ஒரு பெரிய அமெரிக்க விமான நிறுவனத்தின் உட்தரவுகளைக் கொண்டு எழுதி, 2024-இல் குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ் இதழில் வெளிவந்த கட்டுரை. கட்டணத்தைப் பதிவு செய்யும் துறையும் இருக்கைகளை வகுப்புகளுக்குப் பங்கிடும் துறையும் ஒன்றோடொன்று ஒத்திசையாமல் இயங்குவதை அது காட்டுகிறது. காலை விமானத்துக்கு விலை வைக்கும்போது, அதே நிறுவனத்தின் முற்பகல் விமானத்துக்குப் பயணி தாவக்கூடும் என்பதுகூடக் கணக்கில் வரவில்லை. தேவை பற்றிய முன்கணிப்புகள் தொடர்ந்து ஒருபக்கம் சாய்ந்திருந்தன. தன் இரண்டு விமானங்களையே ஒப்பிட்டு விலை வைக்காத அமைப்பு, ஒருவர் செவ்வாய்க்கிழமை இரவு இரண்டாம் முறை தேடியதை விலையாக மாற்றும் என்று நம்புவதற்கு மிக வலுவான சான்று வேண்டும். ஒரே நிறுவனம் என்பதால் இக்கட்டுரையைப் பொதுவிதியாக்க முடியாது. ஆனால் குக்கீ நம்பிக்கை தன்னையறியாமல் சுமந்திருக்கும் ஓர் அனுமானத்தை, அதாவது விமான நிறுவனம் எல்லாம் அறிந்த நுண்மதி என்பதை, இதைவிடத் திறமாக யாரும் ஆட்டம் காணவைத்ததில்லை. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் மிகுந்த நிறைவு தந்தது இதுவே.

இப்போது பரிகாரத்துக்கு வரலாம். இன்காக்னிட்டோ பரிந்துரையை ஒரு பண்டமாக எடைபோட்டால் தேறாது. பழைய குக்கீயை அது அனுப்பாது, ஐ.பி. முகவரியை மறைக்காது, இருக்கைக் கணக்கில் அதற்கு இடமே இல்லை. தீங்கில்லையே என்பார்கள். சில இடங்களில் தீங்கும் உண்டு. கணக்கில் நுழைந்த உறுப்பினருக்குக் கிடைக்கும் தள்ளுபடி போய்விடும்; ஒப்பீட்டுத் தளத்திலிருந்து வருபவருக்கெனச் சில முகவர் தளங்கள் தரும் சலுகை விலையை நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் குக்கீதான். விபிஎன் வழியே வேறு நாட்டிலிருந்து தேடு என்ற பரிந்துரை இதைவிட மேல், ஏனெனில் அதற்குப் பின்னால் ஒரு பொறிமுறை இருக்கிறது: எந்த நாட்டில் விற்பனை என்பதைப் பொறுத்துக் கட்டணமும் நாணயமும் மாறலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பறக்கும் விமானங்களில் வசிப்பிடத்தையோ குடியுரிமையையோ பார்த்துக் கட்டணத்தில் பாகுபாடு காட்டுவதை 2008-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை தடைசெய்ய வேண்டியிருந்ததும் இதனால்தான். ஆனால் அட்டையின் நாடு, நாணய மாற்றுக் கட்டணம் இரண்டும் சேர்ந்து அந்த லாபத்தைப் பல நேரம் தின்றுவிடும். படிவரிசையைப் புரிந்துகொண்டு செய்யும் செயல்களே மதிப்புக் குறையாதவை. குடும்பமாகத் தேடும் முன் ஒருவருக்குத் தேடிப் பார்ப்பது. மாதக் காட்டியில் நாளை நகர்த்துவது. பக்கத்து விமான நிலையத்தையும் பார்ப்பது. விலை எச்சரிக்கை வைப்பது. அமெரிக்கத் தடங்களில் இன்னொன்று: ஏழு நாளோ அதற்கு மேலோ முன்னதாக எடுத்த டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் இழப்பின்றி ரத்து செய்யலாம் அல்லது அதே விலையில் நிறுத்தி வைக்கலாம் என்று விதி இருக்கிறது. விலை ஏறிவிடுமோ என்ற அச்சத்துக்குக் குக்கீ அழிப்பதைவிட அந்த விதி நல்ல மருந்து.

ஆகவே என் தீர்ப்பு: அடையாளம் தெரியாத பயனர் மீண்டும் தேடியதால் குக்கீ விமானக் கட்டணத்தை ஏற்றுகிறது என்ற கூற்று நிற்காது. குக்கீ பட்டியலின் வரிசையை மாற்றுகிறது என்ற கூற்று ஓட்டல் தளங்களில் நிறுவப்பட்டது. இரண்டையும் கலந்து பேசுவது, நிறுவப்பட்ட முறைகேட்டுக்கும் நிறுவப்படாததன் பலவீனத்தை ஏற்றிவிடுகிறது. இதுதான் எனக்கு வருத்தம் தருவது. தவறான குற்றச்சாட்டு சரியான குற்றவாளிக்கு அரணாகிறது.

தீர்ப்புக்குக் காலவரம்பு உண்டு. விமான நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஐயாட்டா 2012-இல் தொடங்கிய என்டிசி தரநிலை, பதிவான கட்டணத்தை முகவர் எடுத்துக் காட்டும் பழைய வழிக்குப் பதிலாக, கேட்பவருக்கேற்ற சலுகையை விமான நிறுவனமே உருவாக்கி அனுப்ப வழி செய்கிறது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2014-இல் அதை ஏற்றபோது, விலை கேட்பவர் தன் சொந்த விவரத்தைத் தந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என நிபந்தனை வைத்தது. 2025 ஜூலையில் டெல்டா நிறுவனம், உள்நாட்டுக் கட்டணங்களில் 3 விழுக்காட்டுக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதாகவும் அவ்வாண்டு இறுதிக்குள் 20 விழுக்காடாக்க எண்ணுவதாகவும் சொன்னது. செனட்டர்கள் கேட்டபோது, தனிநபர் தரவைக் கொண்டு ஆளுக்கொரு விலை வைப்பதில்லை, அப்படித் திட்டமும் இல்லை என்று எழுத்தில் மறுத்தது. மறுப்பு தெளிவானது, அதைப் பொய்யென்று சொல்ல ஆதாரமில்லை. மெய்யென்று வெளியிலிருந்து சரிபார்க்கும் வழியையும் யாரும் இன்னும் அமைக்கவில்லை. விசர்ஸ் குழுவினரின் போலிப் பயனர்களால் இந்த வேலை ஆகாது. உறுப்பினர் கணக்கும் பல ஆண்டுப் பயண வரலாறும் கொண்ட மெய்யான பயணிகள் வேண்டும். ஒவ்வொருவருக்கும் அதே நொடியில் அதே தடத்தைக் கேட்கும் வரலாறற்ற இணை வேண்டும். இணைகளுக்குள்ளேயே எழும் இரைச்சலை ஹன்னாக் குழுவினர் செய்ததுபோலக் கழிக்க வேண்டும். அப்படியொரு சோதனை ஒரே பக்கமாகச் சாய்ந்த வேறுபாட்டைக் காட்டினால், மேலே எழுதிய தீர்ப்பின் முதல் பகுதியைத் திருத்தி எழுதுவேன். அப்போதும் அதில் குக்கீயின் பெயர் வரப்போவதில்லை, உறுப்பினர் எண்ணின் பெயர்தான் வரும்.